சிலுவை போட்ட பூட்டு

“யோவ் பிரசங்கி, திறய்யா பூட்டை!”

சூப்பர்வைசர் போட்ட சத்தத்தில் பேக்கிங் பெண்கள் கையில் இருந்த சோப்பை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். கலவைத் தொட்டியின் சுவிட்சுப் பெட்டியில் ஒரு பூட்டு தொங்கியது. அதன் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு சிலுவை.

பிரசங்கி என்று ஆலையே கூப்பிடும் அந்தத் தொழிலாளி ஏணியடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வாய் மட்டும் முணுமுணுத்தது. ஜெபம்தான், வேறென்ன.

அந்த ஆலையில் ஒரு சட்டம். சரக்கைக் கலக்கும் இறக்கைகளைக் கழுவத் தொட்டிக்குள் இறங்குகிறவன், சுவிட்சுக்குப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னோடு கொண்டு இறங்க வேண்டும். அவனாக ஏறி வந்து திறக்கும்வரை கரண்ட் போகாது. சட்டம் போட்டதே சூப்பர்வைசர்தான்.

“பெரிய வெள்ளிக்கு லீவு கேட்டே, தரல. அதுக்கு மிஷினைப் பூட்டிட்டு நின்னு ஜெபம் பண்றியா? என் பொழப்பில மண்ணைப் போடத்தான் உன் சாமி சொல்லிக் கொடுத்துச்சா?”

“லீவு விஷயம் இல்ல சார்.”

“அப்ப திற.”

“சாவி என்கிட்ட இல்ல சார்.” பிரசங்கி இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு கைக்குட்டை விழுந்தது. அவ்வளவுதான். “உள்ளே ஆள் இருக்கு. பூட்டைப் போட்டு, சாவியை அந்த ஆள்கிட்டயே கொடுத்துட்டேன். கொஞ்சம் பொறுங்க, நான் பேசி வெளியே கொண்டு வந்துடறேன்.”

“யாரு?”

“பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்.”

சூப்பர்வைசர் தலைகளை எண்ணினார். ஷிப்டுக்கு வந்த அத்தனை பேரும் வெளியேதான் நின்றார்கள். ஸ்பேனரை எடுத்துத் தொட்டியின் வயிற்றில் ஓங்கி அடித்தார்.

“யாருய்யா உள்ளே?”

இரும்பு அதிர்ந்து அடங்கியது.

“ஒரு ஈ காக்கா இல்ல. யாரு, உன் ஆண்டவரா இறங்கியிருக்காரு?”

“அவரு ஞாயித்துக்கிழமைதான் எந்திரிப்பாரு சார்” என்றார் எலக்ட்ரீசியன். சிரிப்பு கிளம்பியது. பிரசங்கி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அதுதான் சூப்பர்வைசருக்கு இன்னும் எரிந்தது.

நேற்று ஒரு தொட்டிச் சரக்கு பாழாகிவிட்டது. இன்று மத்தியானத்துக்குள் லாரி கிளம்பாவிட்டால் ஆலைக்கே பூட்டுதான் என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார். இந்த வயசில் வேலை போனால் எந்த வாசலில் போய் நிற்பது? அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

பையில் போன் அதிர்ந்தது. அம்மா. விடிந்ததிலிருந்து இதே வேலையாகப் போய்விட்டது. எடுக்காமலே துண்டித்தார்.

“இதோ பாருய்யா. குடிச்சிட்டு வந்து சரக்கைப் பாழாக்கினான்னு, கூடப் பிறந்த தம்பியையே நேத்து இதே இடத்துல வச்சு ‘செத்துத் தொலைடா’ன்னு துரத்தினவன் நான். நீ எனக்கு எம்மாத்திரம்? பூட்டு திறக்கலைன்னா உன் வேலை போச்சு.”

பிரசங்கி கழுத்தில் இருந்த அடையாள அட்டையைக் கழற்றினார். வீட்டில் ஐந்து வாய்களுக்குச் சோறு போடும் அட்டை அது. சூப்பர்வைசரின் மேசை மேல் வைத்தார்.

“வேலையை எடுத்துக்குங்க சார். பூட்டை மட்டும் தொடாதீங்க. கும்பிட்டுக் கேக்கறேன்.”

“கட்டரைக் கொண்டா!”

எலக்ட்ரீசியன் தயங்கினார். சூப்பர்வைசரே கட்டரைப் பிடுங்கி வளையத்தில் வைத்து அழுத்தினார். பூட்டு தரையில் விழுந்து, சிலுவை மேலே பார்த்தபடி கிடந்தது.

அவர் நிமிர்வதற்குள் பிரசங்கி ஏணியில் பாதி ஏறியிருந்தார். தொட்டி வாயில் காலைப் போட்டு, இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்து உள்ளே இறங்கினார். தலையும் மறைந்தது.

“சார், இப்ப உள்ளே நானும் இருக்கேன்.” குரல் இரும்புக்குள் இருந்து முழங்கியது.

“ஏறி வாய்யா! பைத்தியமா உனக்கு?”

“தனியா விட்டுட்டு வர மாட்டேன் சார்.”

பேக்கிங் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். சூப்பர்வைசரின் விரல் பச்சைப் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. மிரட்டினால் வந்துவிடுவான். உயிருக்குப் பயப்படாதவன் எவன்?

“போட்டுடுவேன்! சத்தியமா போட்டுடுவேன்!”

உள்ளே ஏதோ உரசியது. இரண்டு பேர் மல்லுக்கட்டுவது போல ஒரு சத்தம். பிரசங்கி யாரிடமோ, “வேணாம்ப்பா, என் கையைப் பிடி” என்று கெஞ்சினார். தொட்டி வாயிலிருந்து ஏதோ பறந்து வந்து சூப்பர்வைசரின் காலடியில் விழுந்தது.

சாவி.

விரல் பொத்தானை விட்டு விலகியது. தொட்டிக்குள்ளிருந்து, அழுது கரகரத்த வேறொரு குரல் கேட்டது.

“அவரை மேல இழுத்துட்டு, சுவிட்சைப் போடுண்ணே.”