மோதிரம் போட்ட கை

கணவனோடு சண்டை போட்டு வேறு ஊருக்கு வந்துவிட்டாலும், அவனுடைய கால்நடை மருத்துவமனையில் எடுக்கும் எக்ஸ்ரேக்களை அவள்தான் வீட்டிலிருந்தபடியே கணினியில் பார்த்து அறிக்கை எழுதி அனுப்புவாள். தொழில் வேறு, கோபம் வேறு.

அன்று வந்த படத்தில், பூனையின் இடுப்பைப் பிடித்தபடி ஒரு பெண்ணின் கை தெரிந்தது. விரலில் மோதிரம் வேறு. உடனே கணவனுக்குப் போன் போட்டாள்.

"பூனையை யாரு பிடிச்சா?"

"யாரும் பிடிக்கல. மயக்க ஊசி போட்டுட்டு, நான் வெளிய நின்னுதான் எடுத்தேன்."

"கை தெரியுதே."

"எனக்குத் தெரியல. இடுப்பு எலும்பு எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

படத்தைப் பெரிதாக்கினாள். மோதிர விரலின் எலும்பு எப்போதோ முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. கார்க் கதவில் நசுங்கிய அவள் விரலும் அப்படித்தான். தன் கையைத் திரைமேல் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. மோதிரம் மட்டும் அவளிடம் இல்லை; கிளம்பிய அன்றே அவன் முன்னால் கழற்றி எறிந்திருந்தாள்.

மறுநாள் ஒரு முயலின் படம் வந்தது. அதே கை, இம்முறை முயலை விட்டு விலகி, நாய் கடித்துக் கட்டைவிரல் நுனி போன ஓர் ஆண் கையோடு விரல் கோத்திருந்தது. அது அவள் கணவனின் கை.

"வெட்கங்கெட்டவ," என்றாள், தன் வெறும் விரலைத் தேய்த்தபடி.