பின்வாசல்

அவள் அடுத்த அறைக்குப் போனாள்.

அவனும் வந்தான்.

பிற்பகல் இரண்டரை மணி. அருங்காட்சியகத்தில் வேறு பார்வையாளர்கள் இல்லை. வெளியே தெருவிலும் ஆளில்லை. பூட்டிய பழைய கட்டடங்கள், கடற்காற்று.

தர்மபுரியில் ஓவிய ஆசிரியை அவள். ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தாள், ஒரு மரச்சிற்பத்துக்காக. பாதத்தில் தைத்த முள்ளை எடுக்கும் பெண். எதிரே உட்கார்ந்து வரைய வேண்டும்.

தரையில் அமர்ந்து நோட்டைத் திறந்தாள்.

பின்னால், மிக அருகில், செருப்புச் சத்தம்.

"தனியாவா வந்திருக்கீங்க?"

சிற்பத்தின் முதுகுக் கோட்டைத் தொடங்கினாள்.

காவலாளி ஜெசிந்தா அறைக்குள் வந்தாள். காக்கிச் சேலை, ஐம்பது வயதிருக்கும். குனிந்து மெல்லச் சொன்னாள்.

"பின்பக்கம் வாசல் இருக்கும்மா. அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடலாம். இந்த ஆளு நிக்கிறதே சரியில்ல. நீங்க கெளம்பிடுங்க."

அக்கறையான குரல்தான்.

அவள் நோட்டை மூடிக்கொண்டு போனாள். பின்வாசலில் வெயில் கொதித்தது.

இப்படிப் பாதியில் எழுந்து வந்த இடங்கள் நினைவுக்கு வந்தன. கல்லூரி நூலகம். ஏற்காட்டில் ஏரிக்கரை. ஒரு சினிமா, இடைவேளைக்கு முன்பே.

ஒவ்வொரு முறையும் பத்திரமாகத்தான் வீடு சேர்ந்திருக்கிறாள்.

திரும்பி வந்தாள்.

"நான் இன்னும் வரையவே இல்லைங்க. நான் எதுக்குப் போகணும்?"

ஜெசிந்தா அவளைப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் எத்தனையோ பெண்களுக்கு அந்த வாசலைக் காட்டியிருக்கிறாள். யாரும் திரும்பி வந்ததில்லை.

பிறகு அவனிடம் போனாள்.

"பாத்தாச்சுல்ல சார். கெளம்புங்க."

"டிக்கெட் வாங்கியிருக்கேன்."

"அவங்களும்தான் வாங்கியிருக்காங்க."

அவன் சிரித்தான். ஜெசிந்தா சிரிக்கவில்லை. இருவருக்கும் நடுவே நின்றாள், நகராமல்.

கடைசியில் அவன் போனான்.

முதல் இரண்டு தாள்கள் வீணாயின. மூன்றாவதில் விரல்கள் வந்தன. முள் வந்தது.

ஐந்து மணிக்கு ஜெசிந்தா கதவுகளைப் பூட்டினாள். வாசலில் இறங்கியதும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"வாங்க, நானும் அந்தப் பக்கந்தான்."

சாலையின் நடுவில் நடந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் அவளை ஏற்றிவிட்டு, ஜன்னலருகே நின்று தலையசைத்தாள் ஜெசிந்தா.

பஸ் நகர்ந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

வந்த வழியிலேயே திரும்பி நடந்துகொண்டிருந்தாள் ஜெசிந்தா.

தனியாக.