தாரணி வீட்டுக் கெளுத்தி

தாரணி வீட்டு வாசலில் மீன்வளத் துறை ஜீப் நின்றதைப் பார்த்ததுமே விஜயலக்ஷ்மிக்குப் புரிந்துவிட்டது. எவனோ போட்டுக் கொடுத்திருக்கிறான்.

அடுப்பை அணைத்தாள். நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

கொல்லையில் தார்ப்பாய்த் தொட்டிகள் பாதி காலி. ஆட்கள் வலையைப் போட்டுக் கெளுத்தியை அள்ளிக் கூடை கூடையாக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தாரணி சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது அநியாயம்?"

"தடை பண்ணின மீனாம் மாமி. ஆப்பிரிக்கக் கெளுத்தி."

"நீ நாட்டுக் கெளுத்தின்னு சொல்லித்தானே குஞ்சு வாங்கினே?"

"அப்படிச் சொல்லித்தான் கொடுத்தான். குஞ்சா இருக்கறப்ப ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டுத் தாரணி உள்ளே போனாள். அழத்தான் போகிறாள் என்று விஜயலக்ஷ்மி விட்டுவிட்டாள்.

மீன் வாசனை என்றாலே மூக்கைப் பொத்துகிற ஜாதி அவள். ஆனாலும் கம்பெனிக்காரன் வேலையை விட்டுத் தூக்கிய பிறகு, மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தாமல் கொல்லையில் தொட்டி கட்டிய பெண்ணை அவளுக்குப் பிடித்துப் போயிற்று. பெரிய கெளுத்தி சின்னதைத் தின்றுவிடும் என்று இரண்டையும் பிரித்துப் பிரித்து விடுவாள் தாரணி. முள் குத்திக் கை வீங்கும். மஞ்சளை அப்பிக்கொண்டு மறுபடி தொட்டியில் இறங்குவாள். மீனும் சும்மா சொல்லக்கூடாது, மளமளவென்று வளர்ந்தது. "உனக்குக் கைராசிடி" என்று விஜயலக்ஷ்மிதான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தி.நகர் ஓட்டல்காரர் நேரில் வந்து பார்த்து, மொத்தத்தையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நாளைக் காலையில் அவர் வண்டி வருவதாக இருந்தது.

வந்தது இந்த வண்டி.

"ஏன் சார், மீன் நன்னா வளர்ந்தா அது ஒரு குத்தமா?" என்று அதிகாரியைப் பிடித்தாள். சட்டைப் பையில் முத்துகிருஷ்ணன் என்று பெயர் குத்தியிருந்தது.

"நாட்டுக் கெளுத்தி இந்த வேகத்துல வளராதும்மா. மழைக்காலத்துல இந்தத் தெருவுல தண்ணி நிக்குமா?"

"நிக்கறதாவது. அடையாறே எங்காத்து ஹாலுக்கு வரும்."

"அப்போ தொட்டி ரொம்பி இதெல்லாம் ஆத்துல இறங்கிடும். இறங்கிச்சுன்னா அங்க வேற ஒரு மீன் மிஞ்சாது. எல்லாத்தையும் தின்னுடும்."

நியாயம்தான். ஆனால் நியாயம் நாளை மறுநாள் வந்திருக்கக் கூடாதா? மீனும் விற்றிருக்கும், அந்தப் பெண் போட்ட முதலும் வந்திருக்கும், ஒரு ஈ காக்காவுக்கும் தெரிந்திருக்காது. ஒரே ஒரு நாள் பொறுக்க முடியாத அந்தப் பாவி யார்?

வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்த்தாள். போர்ட்டிகோவில் ஸ்ரீனிவாசராகவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

விடுவிடுவென்று தெருவைத் தாண்டினாள்.

"இப்போ திருப்திதானே மாமா?"

"எதுக்கு?"

"நாத்தம் நாத்தம்னு மூக்கைப் பொத்திண்டேளே. இனிமே ஆனந்தமா மூச்சு விடுங்கோ."

"நான் என்ன பண்ணினேன்? தெரு மீட்டிங்ல வாடை வரதுன்னு ஒரு தரம் சொன்னேன். அதோட சரி."

"அப்போ ஆபீஸருக்குச் சொன்னது யாரு? உங்காத்துப் பூனையா?"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"சத்தியம் வேறயா? கார்த்தால மந்திரம் சொன்ன வாய் இன்னும் காயலை. ஒரு பொண்ணு சொந்தக் கால்ல நின்னா உங்களுக்கெல்லாம் கண்ணு பொறுக்காதே. ரிட்டயர் ஆனா கோவில் குளம்னு போகணும். அடுத்தவா அடுப்புல தண்ணி ஊத்தறதுதான் பொழுதுபோக்கா?"

தெருவில் போன ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்துக் கேட்டுக்கொண்டு போனார்.

பெரியவர் பேப்பரை மடித்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தப்புப் பண்ணினவன்தானே கதவைச் சாத்துவான்? விஜயலக்ஷ்மி வெற்றியோடு திரும்பினாள். கொல்லையில் கடைசித் தொட்டியும் காலியாகியிருந்தது.

"சார், மறைக்காம சொல்லுங்கோ. போன் பண்ணினது அந்த எதிராத்து மனுஷர்தானே?"

"தகவல் கொடுத்தவங்க பேரை நாங்க சொல்லக் கூடாதும்மா."

"சொல்ல வேண்டாம். உங்க முழியே சொல்றது."

அதற்குள் தாரணி கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் தட்டு நிறையக் காபி. அதிகாரிக்குக் கொடுத்தாள். வலை போட்ட ஆட்களுக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தாள். விஜயலக்ஷ்மிக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் பிழைப்பை வாரிக்கொண்டு போகிறவர்களுக்கு, நுரை பொங்க ஆற்றி, சர்க்கரை போதுமா என்று வேறு கேட்கிறாள்.

தட்டில் ஒரு டம்ளர் மிச்சம் இருந்தது.

"எனக்கு வேண்டாம்டி. இந்த மனசோட காபி எங்க இறங்கும்?"

"இது உங்களுக்கு இல்லை மாமி. நீங்க போட்ட சத்தம் சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சு" என்று டம்ளரை எடுத்து அவள் கையில் வைத்தாள் தாரணி. "ஆறுறதுக்குள்ள எதிர்வீட்டு மாமாகிட்ட கொடுத்துட்டு வந்துடுங்க. போன் பண்ணினது நான்தான்."