சகலைக்கு ஏழே மாசம்

"எனக்கு நாலு வருஷம். அவனுக்கு ஏழே மாசம். இது என்ன நியாயம் மேடம்?"

பட்டறைக்காரர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். எதிரே இருந்த பேட்டன்ட் ஏஜென்ட் அம்மா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"யாருக்கு சார் ஏழு மாசம்?"

"என் சகலைக்கு. வீட்டுக்காரியோட தங்கச்சி புருஷன். உட்கார்ந்திருக்கிற ஆள் எழுந்ததும் தானா பிரேக் பிடிக்கிற சக்கர நாற்காலின்னு ஒண்ணு போட்டிருக்கான். பேட்டன்ட் ஆபீஸ்ல சரின்னுட்டாங்களாம். என் மடக்கு ஏணி மட்டும் நாலு வருஷமா அங்கேயே படுத்துக் கிடக்கு."

விஷயம் காலையில்தான் வீட்டுக்கு வந்தது. தங்கையிடம் போனில் பேசி முடித்த மனைவி வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தாள்.

"என்னங்க, தங்கச்சி வீட்டுக்காரர் போட்ட, எழுந்ததும் தானா பிரேக் பிடிக்கிற நாற்காலிக்கு ஏழே மாசத்துல பேட்டன்ட் கிடைக்கப் போகுதாம். இன்னும் ஒண்ணு சொன்னா, கேளுங்க..."

"கேட்ட வரைக்கும் போதும்."

"முழுசா கேளுங்களேன்."

அவர் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். சகலை வீடு கட்டினான், பொறுத்துக்கொண்டார். கார் வாங்கினான், அதையும் எப்படியோ விழுங்கினார். ஆனால் கண்டுபிடிப்பு என்பது அவருடைய இலாகா. அதிலும் அவன் முந்திக்கொண்டதும் வயிறு எரிந்தது. இதற்கு நாகரிகமான வார்த்தை எதுவும் இல்லை.

"யாரையோ கவனிச்சிருக்கான் மேடம். இல்லேன்னா ஏழு மாசத்துல எப்படி?"

ஏஜென்ட் அம்மா கம்ப்யூட்டரில் அந்த விண்ணப்பத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார்.

"யாரையும் கவனிக்கலை சார். இங்க போடறதுக்கு ரொம்ப முன்னாடியே வெளிநாட்டுல விண்ணப்பிச்சிருக்காங்க. அங்க இருக்கிற அதிகாரி ஆராய்ஞ்சு, இது புதுசுதான்னு எழுதிட்டார். அந்த ஆபீசுக்கும் நம்ம ஆபீசுக்கும் ஒப்பந்தம் இருக்கு. அங்க பாஸானா, அந்த அறிக்கையைக் காட்டி இங்க சீக்கிரம் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்."

"அப்போ வெளிநாட்டுக்காரன் எழுதினதைப் பார்த்து நம்மாளு காப்பி அடிக்கிறான்?"

"முடிவு நம்மாளோடதுதான். ஒரே தேடலை ரெண்டு பேர் முதல்ல இருந்து தேட வேண்டாமேன்னு ஒரு ஏற்பாடு. உங்க ஏணியையும் அப்படிப் போடலாம்னு நான் அப்பவே சொன்னேன். 'என் ஏணியைப் பார்க்க அவன் யாரு'ன்னு கேட்டீங்க."

ஏணிப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை.

"அதை விடுங்க. இதுக்கு ஆட்சேபணை போட முடியுமா, முடியாதா?"

"முடியும். நாளையோட கெடு முடியுது. போட்டா ரெண்டு வருஷமாவது இழுக்கும். ஆனா காரணம் வேணும்."

"யோசனையே என்னோடது மேடம். வேற என்ன காரணம் வேணும்? ஆஸ்பத்திரில என் மாமனார் சக்கர நாற்காலியை விட்டு எழுந்தார். நாற்காலி பின்னால நழுவி, மனுஷன் விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டார். அன்னிக்கு வராந்தாவுல நின்னு நான்தான் சொன்னேன், சீட்டுக்கு அடியில ஒரு ஸ்பிரிங் வெச்சா எழுந்ததும் பிரேக் விழுமேன்னு. இவன் ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தான். சொன்ன நானே மறந்துட்டேன். அவன் மறக்கலை பாருங்க."

"வீட்டு மனுஷங்க. ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாமே சார்?"

"புது காரை ஓட்டிக்கிட்டு வந்து என் வாசல்ல நிறுத்தினானே, அன்னியிலிருந்து பேச்சே கிடையாது. ஒன்றரை வருஷம் ஆச்சு. நீங்க மனுவை எழுதுங்க."

ஏஜென்ட் அம்மா திரையை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினார். புருவம் உயர்ந்தது.

"சார், இதுல விண்ணப்பதாரர் ரெண்டு பேர். உங்க சகலை ரெண்டாவது ஆள். அவருக்கு முன்னால இன்னொரு பேர் இருக்கு."

"என் யோசனையில கூட்டு வேறயா? அந்த ஆள் மேலயும் சேர்த்துப் போடுங்க."

"அவருக்கும் நஷ்டமாகுமே சார்."

"ஆகட்டும். நல்லா ஆகட்டும். எவனா இருந்தா எனக்கென்ன?"

ஏஜென்ட் அம்மா திரையை அவர் பக்கம் திருப்பினார்.

பட்டறைக்காரர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். அவருடைய பெயர். அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, பட்டறையின் கதவு எண்ணோடு. கண்டுபிடித்தவர் என்ற இடத்திலும் அதே பெயர்தான் முதலில் இருந்தது.

"நான் எங்கேயும் கையெழுத்துப் போடலையே மேடம்."

அடுத்த பக்கம் வந்தது. அதற்கடுத்த பக்கமும் வந்தது. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து, பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் வேகத்தில். தேதி ஒன்றரை வருஷத்துக்கு முந்தியது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. காரிலிருந்து இறங்கிய சகலை ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டி, "அண்ணே, படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க" என்று இரண்டு முறை சொன்னான். இவர் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் கிளம்பித் தொலைந்தால் போதும் என்று, காட்டிய இடத்திலெல்லாம் கிறுக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.



ஏஜென்ட் அம்மா கீபோர்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஆட்சேபணை மனுவுல எதிர்த்தரப்பு பேரை வரிசையா எழுதணும் சார். முதல்ல உங்க பேரை எழுதட்டுமா?"