ஊமை இடிக்கு விருது

“குண்டூசிக்கு இந்த விருது இல்லைன்னா, நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன்!” என்றார் டிரம்ஸ்காரர்.

“தாராளமா உட்கார்ந்திருங்க. டபுள் டமாரத்துக்குக் குடுத்துட்டு நாங்க கிளம்பறோம்” என்றார் டான்ஸ் மாஸ்டர் அம்மா.

இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த பிழை திருத்துநருக்கு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கிவிட்டது.

ஹிப் ஹாப் பாடகர்களில் அதிக அங்கீகாரத்துக்கு உரியவர் யார்? கலை மன்றம் கேட்டிருந்தது இந்த ஒரே ஒரு கேள்வியைத்தான். மூன்று நடுவர்கள். மூன்று பேரும் ஒருமனதாகச் சொன்னால்தான் விருது. இல்லையென்றால் இந்த வருடம் விருதே கிடையாது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர்கள். இப்போது மணி நாலு. ஆறு மணிக்கு விழா. கேடயத்தில் பெயர் பொறிக்கிறவர் மெஷினோடு வராந்தாவில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

பிழை திருத்துநருக்கு அச்சகத்தில் முப்பது வருட அனுபவம். அவர் கண்ணைத் தாண்டி ஒரு தப்பான புள்ளிகூட அச்சேறியதில்லை. பாட்டு வரிகளைப் பார்க்க மொழி தெரிந்த ஒருவர் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அவரும் குண்டூசி, டபுள் டமாரம் இருவருடைய வரிகளையும் சிவப்பு மையால் திருத்தி, மொத்தம் நாற்பத்தொரு பிழைகளோடு வந்திருந்தார். அந்தக் காகிதத்தை யாரும் கையால்கூடத் தொடவில்லை.

“குண்டூசி ஒரே மூச்சுல நூத்தி இருபது வார்த்தை பாடுவான், தெரியுமா உங்களுக்கு?”

“மூச்சு விடாம பேசறதுக்கு விருதுன்னா, எங்க மாமியாருக்குத்தான் முதல்ல குடுக்கணும்.”

“உங்க டமாரம் மட்டும் என்ன கிழிச்சான்? பாதிப் பாட்டு ‘ஏய், ஏய்’னே போகுது.”

“அந்த ‘ஏய்’ல எவ்வளவு ஏக்கம் இருக்கு! டிரம்ஸ் அடிச்சு அடிச்சுக் காது போனவங்களுக்கு அது எங்கே கேக்கப் போகுது?”

பிழை திருத்துநர் தொண்டையைச் செருமினார். “ரெண்டு பேருக்கும் சேர்த்தே குடுத்துட்டா என்ன?”

“அது எப்படி சார் முடியும்?” என்று இருவரும் ஒரே குரலில் பாய்ந்தார்கள். காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

அடுத்த நிமிடம் டிரம்ஸ்காரர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கினார். மாஸ்டர் செருப்பைக் கழற்றினார்.

“நிறுத்துங்க!” பிழை திருத்துநர் மேசையில் ஓங்கித் தட்டினார். அவருக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. “ரெண்டு பேருமா சேர்ந்து ஊமை இடியை மறந்துட்டீங்களே! இது நியாயமா?”

மாஸ்டர் செருப்பைத் திரும்பக் காலில் மாட்டிக்கொண்டார்.

டிரம்ஸ்காரர் பாட்டிலை மெல்லக் கீழே வைத்தார். “அட, ஊமை இடி! அவரை எப்படி மறந்தேன்? குண்டூசி மூச்சைப் பிடிக்கக் கத்துக்கிட்டதே அவரைப் பார்த்துதானே?”

“டமாரத்தோட ‘ஏய்’ மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்? எல்லாம் அவர் போட்ட பிச்சை” என்ற மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். “ஆனா ஒண்ணு, ஆரம்பத்துல பாடினதுதான் பாட்டு. பின்னாடி அந்த வேகம் இல்லை.”

“பின்னாடிதாம்மா ஆழம் வந்துச்சு! நான் அவருக்கு ஒரு மேடையில வாசிச்சிருக்கேன். இறங்கி வந்து கை குடுத்தார். என்ன பணிவு!”

“பணிவா? எங்கிட்ட எரிஞ்சு விழுந்தாரே!”

“மேதைங்க அப்படித்தான் இருப்பாங்க.”

மூன்று கைகள் ஒன்றாக உயர்ந்தன. தீர்ப்பைக் கேட்ட மன்றச் செயலாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “ஊமை இடியா! எங்க மன்றம் ஆரம்பிச்சதே அவர் பாட்டைக் கேட்டுத்தான் சார். இருங்க, இப்பவே போன் போட்டுக் கூப்பிடறேன்” என்று ஓடினார்.

வராந்தாவில் மெஷின் கிர்ரென்று கேடயத்தைக் கொறிக்க ஆரம்பித்தது. டிரம்ஸ்காரரும் மாஸ்டரும் ஒரே பாட்டிலிலிருந்து மாறி மாறித் தண்ணீர் குடித்தார்கள். பிழை திருத்துநர் மட்டும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கால் மணி நேரம் கழித்து, செயலாளர் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்.

“பேசிட்டேன். விருது வேண்டாங்கிறார்.”

“ஏன்?” என்று பதறினார் மாஸ்டர்.

“‘இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் என் ஞாபகம் வந்துச்சா?’ன்னு கேட்டார். குரல் தழுதழுத்துப் போச்சு. அப்படியே வெச்சுட்டார்.”

டிரம்ஸ்காரர் தலை குனிந்தார். “தப்பு நம்ம மேலதான்.” மாஸ்டரின் கண்கள் கலங்கின. பிறகு மூன்று பேரும் பிழை திருத்துநர் பக்கம் திரும்பினார்கள்.

“அவரை மறக்காம இருந்தது நீங்க ஒருத்தர்தான் சார். நீங்க கூப்பிட்டா வருவார்” என்று செயலாளர் போனை நீட்டினார்.

பிழை திருத்துநர் போனை வாங்கி, எந்த எண்ணை அழுத்துவது என்று பார்த்தார். சண்டையை நிறுத்த வேறு வழி தெரியாமல், ஊமை இடி என்கிற பாடகரை இன்று சாயங்காலம் நாலே கால் மணிக்கு, மேசையைத் தட்டிய கையோடு, அவரேதான் பெற்றுப்போட்டிருந்தார்.