நல்ல தண்ணிக்கு ஒரு மிஷின்

"சார், உங்க வீட்டுக்கு இந்த மிஷின் தேவையே இல்ல."

இப்படிச் சொன்னவர் மிஷின் விற்க வந்தவர். கழுத்தில் கம்பெனி டை, கையில் கம்பெனி பை. வீட்டுக்காரரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன இப்படிச் சொல்றீங்க? குழாயெல்லாம் வெள்ளை வெள்ளையா உப்புப் படியுதே?" என்றாள் மனைவி.

"எல்லா வீட்டுலயும் கொஞ்சம் படியும் மேடம். இதோ, பொடி போட்டுச் சிவப்பாக்கின தண்ணியில இந்த மருந்தைச் சொட்டுச் சொட்டா விடணும், சிவப்பு நீலமா மாறுற வரைக்கும். உப்பு ஜாஸ்தின்னா சொட்டும் ஜாஸ்தி ஆகும். உங்க தண்ணி நாலே சொட்டுல மாறிடுச்சு. நல்ல தண்ணி. வினிகர்ல துணிய நனைச்சுக் குழாயைச் சுத்தி விடுங்க, பளிச்சுனு ஆயிடும்."

நல்ல தண்ணி என்று கேட்டதும் மனைவியின் முகம் சுண்டிப்போனது.

பின்னே? ஆறு மாதமாக வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் போட்ட பட்ஜெட். சாஃப்டனர் மிஷினுக்கு இவ்வளவு, குழாய் வேலைக்கு இவ்வளவு. தண்ணீரில் இருக்கிற உப்பை எடுக்க மிஷினுக்கும் உப்பு போட வேண்டுமாம், அதற்கு மாதாமாதம் இவ்வளவு. சினிமா கட். ஹோட்டல் கட். சுவருக்குப் பெயின்ட் அடுத்த வருஷம். வீட்டுக்காரரின் அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி அதற்கும் அடுத்த வருஷம்; அதுவரை டிவிக்குக் கொஞ்சம் கிட்டப் போய் உட்கார்ந்துகொள்ளட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம். அம்மாவைக் கேட்கவில்லை, அதனால்தான் ஏகமனது.

எல்லாவற்றையும்விட முக்கியம், மனைவியின் அக்கா வீட்டில் போன மாதமே மிஷின் வந்தாகிவிட்டது. "எங்க வீட்டுலயும் வருது" என்று அக்காவிடம் சொல்லியும் ஆகிவிட்டது.

"முடி கொட்டுதே, அதுக்கென்ன சொல்றீங்க?" என்று வீட்டுக்காரர் தலையை முன்னே நீட்டினார். நீட்டிய தலையில் கொட்டுவதற்கு அதிகம் பாக்கி இல்லை.

டைக்காரர் அந்தத் தலையைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த வீட்டுக்காரருடைய அப்பா படத்தைப் பார்த்தார். அங்கேயும் அதே மைதானம்.

"அது... தண்ணியால இல்ல சார்," என்றார் மெதுவாக.

வீட்டுக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"விக்கலேன்னா உங்களுக்கு நஷ்டம் இல்லையா?" என்றாள் மனைவி.

"நஷ்டம்தான் மேடம். இந்த மாசம் இன்னும் ஒண்ணுகூட விக்கல. மேனேஜர் பிடுங்கி எடுக்கறார். அதுக்காகத் தேவையில்லாததை உங்க தலையில கட்ட மனசு வரல."

பையை மூடிக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் விசாரணை தொடங்கியது.

"என்னங்க, விக்க வந்தவனே வேண்டாங்கறான். எனக்கு ஏதோ இடிக்குது."

"நம்மளப் பார்த்தா காசு கொடுக்கற மூஞ்சியாத் தெரியலையோ என்னமோ."

"அதேதான்! வந்ததும் நம்ம சோபாவை ஒரு மாதிரிப் பார்த்தான். அப்பவே நெனச்சேன்."

"எங்கப்பாவை வேற பார்த்தான். ராஸ்கல்."

வீட்டுக்காரர் போனை எடுத்து நேராக மேனேஜரைப் பிடித்தார்.

"என்ன சார் ஆள் அனுப்பறீங்க? வேலையும் தெரியல, மரியாதையும் தெரியல. வீடு தேடி வந்து எங்களை அவமானப்படுத்திட்டுப் போறான்!"

மேனேஜர் உருகிவிட்டார். "மன்னிச்சிடுங்க சார். அவன் ஒண்ணுக்கும் உதவாதவன். நாளைக்கு அவனையே வந்து மன்னிப்புக் கேட்கச் சொல்றேன். ஆர்டரோட வந்தான்னா வேலை. இல்லேன்னா அப்படியே வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான்."

மறுநாள் டைக்காரர் வந்தார். வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, பெல் அடிக்காமல் போனில் பேசிக்கொண்டு நின்றார்.

"அழாதம்மா. வேலையெல்லாம் போகாது. நான் பார்த்துக்கறேன்."

பிறகு டையைச் சரிசெய்துகொண்டு பெல்லை அடித்தார்.

"சார், நேத்து பெரிய தப்பு நடந்துபோச்சு. நான் கொண்டு வந்த மருந்து பழசு. அதான் சீக்கிரமே நிறம் மாறிடுச்சு. மன்னிச்சிடுங்க."

"இன்னைக்குப் புது மருந்தா?" என்றாள் மனைவி.

"மருந்தே வேண்டாம் மேடம். குழாயைப் பார்த்தாலே தெரியுது. ரொம்ப மோசமான தண்ணி."

மோசமான தண்ணி என்று கேட்டதும் மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க!"

"அப்போ முடி?" என்றார் வீட்டுக்காரர்.

டைக்காரர் இந்தத் தடவை சுவர்ப் பக்கமே திரும்பவில்லை. "தண்ணியாலதான் சார்."

"எங்க அக்கா வீட்டுல சின்ன மாடல் வெச்சிருக்காங்க. எங்களுக்கு எது சரிப்படும்?"

"பெரிசுதான் மேடம்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டே.

பெரிசு பட்ஜெட்டைத் தாண்டியது. வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். உள்ளே டிவியோடு டிவியாக ஒட்டி உட்கார்ந்திருந்த அம்மாவை எட்டிப் பார்த்தார். இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று தோன்றியது. முன்பணத்தைக் கொடுத்துவிட்டார்.

டைக்காரர் வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

கதவைச் சாத்திய மனைவிக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

"பாவங்க, நேத்து நாமதான் தப்பா நெனச்சுட்டோம். செஞ்ச தப்பைத் தானே வந்து ஒத்துக்கறதுன்னா சும்மாவா? இந்தக் காலத்துல இப்படி ஒரு நேர்மையான ஆளா!"