அருகாமை என்னும் சொல்

நல்லசிவம் தனியே வாழ்பவர். விடிந்ததும் இணையத் தமிழ்க் குழுவில் சொற்பிழைகளைத் தேடித் திருத்துவார். அவருக்கு மறுமொழி எழுதுபவர் முகமறியாத செண்பகவல்லி ஒருவரே.

"அருகாமை என்று எழுதாதீர்கள். கல்லாமை என்றால் கற்காதது, அருகாமை என்றால் அருகில் இல்லாதது" என்று அன்று எழுதினார் நல்லசிவம்.

"ஊரே பக்கத்துலங்கிற அர்த்தத்துலதான சார் சொல்லுது?" என்று கேட்டார் செண்பகவல்லி.

"ஊர் சொன்னால் பிழை சரியாகிவிடுமா?"

"அய்யோ சாமி! உங்க அருகாமையே எனக்கு வேணாம்!"

செண்பகவல்லி குழுவிலிருந்து விலகிவிட்டதாகத் திரை காட்டியது. மாலைவரை வேறெவரும் எழுதவில்லை. நல்லசிவம் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, அந்தக் கடைசி வரியை மீண்டும் படித்தார்.

அதைத் தாம் சொன்ன பொருளிலேயே கொள்வது என்று முடிவு செய்தார்.